அரைச்சொட்டு மாட்டிக்கொண்ட விதம்

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் பெயிண்ட் கம்பெனியின் முதல் மாடி சோதனை அறையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் அரைச்சொட்டுதான். சம்பளச் சீட்டில்கூட எண் மட்டுமே இருந்ததால், பெயருக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

அவருடைய தொழில் நிறம் சேர்ப்பது. வெள்ளைக் கலவையில் மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று சொட்டுச் சொட்டாக விட்டு, கேட்ட நிறம் வரும்வரை கலக்க வேண்டும். கலந்ததை ஒரு சிறு பலகையில் பூசி, காயவைத்து, வடக்கு ஜன்னலோரம் கொண்டுபோய் மாதிரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். கூட இருப்பவர்கள், "போதும்ப்பா, அப்படியே இருக்கு" என்பார்கள். இவர் ஒரு கண்ணை மூடுவார், மறு கண்ணைத் திறப்பார், கடைசியில் "இன்னும் அரைச் சொட்டு" என்பார். சொட்டில் பாதியை எப்படி விடுவது என்று கேட்டால், கண்ணாடிக் குச்சியை டப்பாவின் விளிம்பில் ஒருமுறை இழுத்துவிட்டு, மிச்சம் நிற்பதைக் காட்டுவார். அதுதான் அரை. முழுதாய் விட்டால் அந்த நிறம் கெட்டது, அன்றைக்கு அவர் முகமும் கெட்டது.

வீட்டிலும் இதே கதைதான். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வருவார். அவர் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து சீட்டு போடுபவர். "நான் எப்படித்தான் இவர் பார்வையில தப்பிச்சேன்னு தெரியல. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு வெளிச்சம் குறைவு போல" என்பார்.

இப்படிப்பட்டவர் கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டார் என்றால் நம்ப முடிகிறதா? கம்பெனியாலும் முடியவில்லை. அதில்தான் எல்லாக் குழப்பமும்.

நாற்பத்தொன்று என்று ஒரு சாம்பல் நிறம். வெளிச்சுவருக்கானது. சாம்பல் என்பது நிறங்களில் படுபோக்கிரி. வெயிலில் நீலம் அடிக்கும், நிழலில் சேறாகும், சாயங்காலமானால் ரோஸ் பூசிக்கொண்டு நிற்கும். எல்லா வெளிச்சத்திலும் ஒரே மாதிரி இருக்கிற சாம்பலை உண்டாக்க அரைச்சொட்டுக்குப் பதினோரு மாதம் ஆனது. நாற்பது முறை கலந்து, நாற்பதையும் அவரே நிராகரித்தார். நாற்பத்தொன்றாவது பலகையை மழை நாளில் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர் அன்று யாரிடமும் பேசவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்குப் பேச்சு வராது.

அறிமுக விழாவில் முதலாளி பேசினார். இந்த நிறம் விற்பனை மேலாளரின் கனவில் வந்ததாம். ஒரு விடியற்காலையில், மழை விட்ட வானம் மாதிரி, அப்படியே கண்முன் நின்றதாம். எழுந்ததும் குறித்துவைத்துக்கொண்டாராம். கூட்டம் கைதட்டியது. மேலாளர் எழுந்து, கனவு கண்டவர்களுக்கே உரிய களைப்போடு கும்பிட்டார். அரைச்சொட்டு கடைசி வரிசையில் மாதிரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் பலகை இருந்ததால் அவரால் கைதட்ட முடியவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மூன்று மாதம் ஆகியும் அந்தப் புண் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா சகலை வர வேண்டும்.

சகலை என்பது ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்க்கிற உறவு. இந்தச் சகலை போட்டிக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தார். மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாற்பத்தொண்ணு பார்த்தேன் சகலை. நாங்களும் உங்க டப்பாவை வாங்கி வச்சு மூணு மாசமாக் கலக்கறோம். காலையில ஒத்துப்போகுது, சாயங்காலம் காலை வாருது."

"வாரும்" என்றார் அரைச்சொட்டு. அவர் குரலில் இருந்த திருப்தியைச் சகலை குறித்துக்கொண்டார்.

"யாரோ கனவுல கண்டதாமே."

அரைச்சொட்டு நகத்தோரத்துச் சாம்பல் கறையைச் சுரண்டினார்.

"எங்க கம்பெனில ஒவ்வொரு நிறத்துக்கும் செஞ்சவர் பேரைப் புத்தகத்துலயே போடறோம், தெரியுமா? சோதனை அறைக்குத் தலைமை ஆள் தேடறாங்க. நான் உங்க பேரைச் சொன்னேன். அவர் செஞ்ச நிறம்னு எதைக் காட்டுவீங்கன்னு கேட்டாங்க. நான் என்னத்தைக் காட்டுவேன், சொல்லுங்க."

"என்ன காட்டணும்?"

"ஒரே ஒரு காகிதம்."

காசு என்ற பேச்சே வரவில்லை. வந்திருந்தால் அரைச்சொட்டு எழுந்துபோயிருப்பார். வந்தது பெயர். இருபத்திரண்டு வருஷம் எண்ணாக இருந்தவனிடம் பெயர் தருகிறேன் என்றால், பசித்தவனுக்கு இலை போட்டமாதிரி.

இதற்கிடையில் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. முந்தின வருஷமே இரண்டு நிறங்கள் வெளியே போயிருந்தன. யார் விட்டார்கள் என்று ஆறு மாதம் தேடினார்கள். முதலாளியேதான் ஒரு விருந்தில் போட்டிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, பெருமை தாங்காமல் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு வந்தார் என்று ஓட்டுநருக்குத் தெரியும், அதனால் எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது. எனவே விசாரணை தீவிரமாக நடந்தது. வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்தார்கள். அவர் எந்தக் கேள்வியையும் ஒருமுறை கேட்டு விடமாட்டார். துருவித் துருவிக் கேட்பார். இரண்டே நாளில் துருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் மட்டும் அந்தக் கம்பெனியில் தாமதமே கிடையாது.

துருவி ஒரு பொறி வைத்தார். நாற்பத்தொன்றின் பழைய அளவு அட்டைகளை எல்லாம் வாங்கிக் கிழித்தார். புதிதாக ஐந்து அட்டைகள் அடித்து, ஐந்து பேருக்கு மட்டும் கொடுத்தார்; கலக்குகிறவர் என்பதால் அரைச்சொட்டும் அவர்களில் ஒருவர். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்றியிருந்தார், ஐந்திலும் வெவ்வேறு இடத்தில். ரகசியம் வெளியே போனால் எந்தத் தவறு போயிருக்கிறது என்று பார்த்தால் போதும், ஆள் அகப்பட்டுவிடுவார். சரியான மூல அட்டை ஒன்றே ஒன்று. உற்பத்திக்கு அதை மட்டும் எடுப்பார்கள். அது கீழ்த்தளத்து இரும்பு அலமாரியில், பூட்டக்காவின் பொறுப்பில் இருந்தது.

பூட்டக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அலமாரிச் சாவி அவர் கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கும். எந்த அட்டையை எடுத்தாலும் பதிவேட்டில் எண், நேரம், காரணம், கையெழுத்து. அஞ்சு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தாலும் மறுபடி எழுத வேண்டும். முதலாளியையே ஒருமுறை காரணம் எழுத வைத்தவர். அவர் "சும்மா" என்று எழுத, "சும்மா எடுக்கறதுக்கு இது என்ன வெத்துக் காகிதமா" என்று அட்டையைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

அரைச்சொட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி கடைக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். நினைவிலிருந்தே எழுதியிருக்கலாம். ஆனால் நினைவிலிருந்து எழுதுவது அவர் தொழிலில் பாவம். மஞ்சள் எழுதினார். பழுப்பு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஆறு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

"தட்டச்சுப் பிரிவுல கண்ணை எங்க வச்சுட்டு அடிக்கறாங்க" என்று வாய்விட்டே சொன்னார். பொறி என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பிரிவு அப்படிப்பட்டது. ஒருமுறை ஒரு புள்ளியைத் தள்ளிப்போட்டு அறுநூறு லிட்டரைக் கழிவுக்கு அனுப்பியவர்கள். ஆறு என்று திருத்தி எழுதினார்.

அடுத்து கறுப்பு. அட்டையில் இரண்டு கிராம். மூல அட்டையிலும் அதே இரண்டுதான். ஆனால் உண்மை அதுவல்ல. இப்போது வருகிற கறுப்புக்குக் காரம் அதிகம். இரண்டு கிராம் விட்டால் நாற்பத்தொன்று முகம் சுளிக்கும். அதனால் உற்பத்திக்குக் கலக்கும் ஒவ்வொரு தடவையும் அரைச்சொட்டு தன் கையால் குறைத்து ஒன்று புள்ளி எட்டுதான் விடுவார். அதை அட்டையில் மாற்ற மேலாளரின் கையெழுத்து மூன்று பிரதியில் வேண்டும். மேலாளரோ எப்போதும் பயணத்தில் இருப்பார், அல்லது கனவில். எனவே உண்மை அரைச்சொட்டின் கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை.

அங்கே முதலில் கலந்து பார்க்கும்போது நான் இருக்க மாட்டேனே என்று யோசித்தார். எழுதினது எழுதினபடி ஊத்துவாங்க. சேறாகும். நாற்பத்தொண்ணே சேறுதான்னு சொல்லிடுவாங்க.

ஒன்று புள்ளி எட்டு என்று எழுதினார்.

திருட வந்தவன் வீட்டைப் பெருக்கிக் கோலமிட்டுப் போவதை யாராவது கேள்விப்பட்டதுண்டா? இவர் அதைத்தான் செய்தார். காகிதத்தைச் சகலையிடம் கொடுத்தார். சகலை அதைத் தானே தட்டச்சு செய்துகொண்டு, கையெழுத்துப் பிரதியை இவர் கண்முன்னாலேயே சுக்குநூறாகக் கிழித்தார். இனி யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது என்று இருவரும் நம்பினார்கள். கையை மறைத்துவிட்டார்கள், சரி. கைவேலையை எங்கே மறைப்பது?

மூன்றே வாரத்தில் அந்தத் தட்டச்சுக் காகிதத்தின் நகல் துருவியின் மேசைக்கு வந்துவிட்டது. அடுத்தவன் ரகசியத்தை வாங்குகிற கம்பெனியில் மட்டும் ஓட்டை இருக்காதா என்ன.

துருவி எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி, பொறியை விளக்கினார். பெருமையை அடக்க முடியாமல் ஐந்து தவறுகளையும், எது யார் அட்டையில் என்பதோடு, பலகையில் எழுதியே காட்டினார். பிறகு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுல அந்த அஞ்சு தப்புல ஒண்ணுகூட இல்ல. கறுப்புல மட்டும் ஓர் எண் பிசகியிருக்கு, அது அவசரத்துல அடிச்ச பிழை. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. அப்படின்னா, அட்டை வச்சிருந்த அஞ்சு பேர்ல யாரும் இல்ல. இது மூல அட்டையிலேர்ந்து போயிருக்கு."

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

பூட்டக்கா எழுந்தார். நாடாவைத் தலைவழியாகக் கழற்றி, சாவியைத் துருவியின் முன்னால் வைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் தொங்கிய இடத்தில் கழுத்தில் வெளுத்த ஒரு கோடு தெரிந்தது. "விசாரணை முடியறவரைக்கும் வீட்டுல இருங்க" என்றார் மேலாளர். "எனக்கு அஞ்சு மணிவரைக்கும் வேலை நேரம்" என்று சொல்லிவிட்டு, பூட்டக்கா போய் அலமாரியின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உண்மையான கைகாரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர்மேல் ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? நாற்பத்தொன்று யாருக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று துருவி ஏற்கெனவே ஒரு பட்டியல் வாங்கியிருந்தார். அதில் முதல் பெயர் மேலாளருடையது; கனவு அவருடையதல்லவா. அரைச்சொட்டின் பெயர் பட்டியலிலேயே இல்லை. பெருமையில் பெயர் எழுத மறந்த கம்பெனியால் பழியில் மட்டும் எப்படி எழுத முடியும்? விழாவில் அவரைக் குத்திய அதே புறக்கணிப்பு இன்று அவருக்குக் குடை பிடித்தது. அந்தக் குடையின் கீழ் அவருக்கு மூச்சு முட்டியது.

அன்று மாலை மனைவி சாப்பாடு எடுத்துவைக்கும்போது கூடத்துப் படம் சாய்ந்திருந்தது. அரைச்சொட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்லையே."

"பல் வலின்னு வர்றவங்க எல்லாரும் நேத்துதான் வலிக்க ஆரம்பிச்சுதுன்னு சொல்வாங்க. வாயைத் திறந்தா ஆறு மாசக் கதை இருக்கும். நீங்களாத் திறக்கறீங்களா, நான் டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

திறந்தார். சகலை, காகிதம், பழுப்பு, கறுப்பு, ஸ்டூல், எல்லாம் வந்தது. மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அந்த அக்கா சாவியைக் கழட்டினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மூணாவது வரிசையில."

"விழாவுல கடைசி வரிசையில நின்னதுக்கு மூணு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க. மூணாவது வரிசைக்கு எத்தனை மாசம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேலை போயிடும்" என்றார்.

"போகும். என் வேலை இருக்கு. நாம பட்டினி கிடக்கப் போறதில்ல. ஆனா அந்த அக்கா பேரு போச்சுன்னா எங்க போய்த் தேடறது? பேருக்காகத்தானே நீங்களும் இதைச் செஞ்சீங்க?"

சொல்லிவிட்டு, மனைவியே போய்ப் படத்தை நிமிர்த்தினார். கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்திவிட்டார். அரைச்சொட்டு எழுந்துபோய் ஒரு நூல் இறக்கினார். அப்போதே அவர் முடிவு செய்துவிட்டார் என்று மனைவிக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனார். வீட்டில் இருக்கச் சொல்லியும் ஸ்டூலில் பூட்டக்கா. கழுத்தில் சாவி இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

"அக்கா..."

"உன் அட்டையில பழுப்பு ஒன்பதுன்னு இருந்துச்சாமே" என்றார் பூட்டக்கா, அவர் முகத்தைப் பார்க்காமலே. "நேத்து பலகையில எழுதிக் காட்டினாரே."

"ஆமா."

"ஒரு புள்ளி தப்பா இருந்தாலே தட்டச்சுப் பிரிவு வாசல்ல போய் நின்னு ஊரைக் கூட்டற ஆளு. இதுக்கு ஏன் சத்தமே வரலன்னு நேத்துலேர்ந்து யோசிச்சுட்டு இருக்கேன்."

"தெரிஞ்சுமா அக்கா பேசாம இருந்தீங்க?"

"அலமாரியைத் திறக்கறதுதான் என் வேலை. ஆளைத் திறக்கறது என் வேலை இல்ல. அது தானாத் திறக்கணும்." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு நாள் பார்த்திருப்பேன். அப்புறம் நானே போய்ச் சொல்லியிருப்பேன். தியாகம் பண்ற வயசெல்லாம் எனக்குத் தாண்டிடுச்சு."

துருவியின் அறையில் மேலாளரும் இருந்தார். அரைச்சொட்டு நின்றபடியே சொன்னார். துருவி நம்பவில்லை.

"அந்தம்மாவுக்காகப் பரிதாபப்பட்டு வந்திருக்கீங்க. உங்க அட்டையில தப்பு இருந்துச்சு. வெளிய போனதுல இல்ல."

"நான் திருத்திட்டேன்."

"எதை வச்சுத் திருத்தினீங்க?"

"அது நான் செஞ்ச நிறம் சார்."

மேலாளர் சிரித்தார். "பாவம், கலக்கற வேலை பார்த்ததால தன்னோடதுன்னு ஒரு நினைப்பு. இந்த நிறம் எப்படி வந்துச்சுன்னு முதலாளியே மேடையில சொல்லியிருக்கார்."

திருடினேன் என்று ஒருவன் சொல்கிறான். இல்லை, உனக்கு அந்தத் தகுதி கிடையாது என்று எதிரே இருப்பவர் சொல்கிறார். இப்படியொரு விசாரணை உலகத்தில் நடந்திருக்காது.

அரைச்சொட்டு துருவியின் பக்கம் திரும்பினார். "கறுப்புல ஓர் எண் பிசகியிருக்குன்னு சொன்னீங்களே சார். அது பிழை இல்ல. மூல அட்டையில இருக்கிறதுதான் பிழை. ரெண்டையும் கலந்து பார்த்துடலாம்."

கலந்தார்கள். மூல அட்டைப்படி ஒரு டப்பா, வெளியே போன காகிதப்படி ஒரு டப்பா. துருவி பக்கத்தில் நின்று தராசைப் பார்த்தார். இரண்டு பலகைகள் பூசி, பின்னால் அடையாளம் எழுதி, காயவைத்தார்கள். கடையில் விற்கிற நாற்பத்தொன்றைத் திறந்து மூன்றாவது பலகை. மதியம் கடந்ததும் மூன்றையும் வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள்.

பார்க்கப் பெரிய கண் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பலகைகள் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டி நின்றன. மிச்சமிருந்த ஒன்று இருண்டு, கோபித்துக்கொண்டதுபோல் தனியே நின்றது.

"உங்க கனவு இதுல எது?" என்று துருவி மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் மூன்றையும் பார்த்தார். மூல அட்டை தப்பாகாது என்ற நம்பிக்கையில், இருண்டதைக் காட்டினார்.

துருவி பலகையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். இருண்டதுதான் மூல அட்டை. கம்பெனி பூட்டி வைத்திருந்தது தவறான ரகசியம். போட்டிக்காரனிடம் போனதுதான் சரியானது.

"முப்பது வருஷமா ஆள் பிடிக்கறேன்" என்றார் அரைச்சொட்டிடம். "எல்லாரும் தப்புப் பண்ணித்தான் மாட்டுவாங்க. ஒருத்தன் காகிதத்துல கைரேகையை விடுவான், ஒருத்தன் மப்புல உளறுவான். தப்பைத் திருத்தி மாட்டிக்கிட்ட ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"மாட்டிக்கல சார். நானா வந்தேன்."

"அது சரி. ஆனா அறிக்கையில நான் பிடிச்சதாத்தான் இருக்கும். எனக்கும் குடும்பம் இருக்கு."

முதலாளிக்குக் கோபம் வந்தது. வழக்குப் போடுவேன் என்றார். வழக்கென்றால் நாற்பத்தொன்றின் அளவை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும், அது யார் செய்தது என்றும் சொல்ல வேண்டும், அப்போது கனவும் கூண்டேறும் என்று துருவி மெதுவாக எடுத்துச்சொன்னார். கோபம் பாதியானது. அன்றே வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவானது.

"போயிடறேன் சார்" என்றார் அரைச்சொட்டு. "ஒண்ணு மட்டும். அக்காவோட சாவியை எங்க வச்சு வாங்கினீங்களோ, அங்கேயே வச்சுத் திருப்பிக் குடுங்க. எல்லாரும் இருக்கும்போது."

சாப்பாட்டுக் கூடத்தில், அதே மேசையில், துருவியே எழுந்து நின்று சாவியை நீட்டினார். மன்னிப்பும் கேட்டார். பூட்டக்கா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "டீ ஆறிடும், போய்க் குடிங்க" என்று கூட்டத்தைக் கலைத்தார்.

அரைச்சொட்டு தன் அட்டையை ஒப்படைக்கக் கீழே போனபோது, பூட்டக்கா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். எண், நேரம். காரணம் என்ற இடத்தில் அரைச்சொட்டு கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்தார். "என்னுடையது இல்லாததைக் கொடுத்தேன், திருப்புகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டக்கா படித்தார்.

"கையெழுத்து இன்னும் கோணல்தான்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டை மூடுமுன் அந்தப் பக்கத்தின்மேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

சகலை அந்த வாரமே வந்தார், தலையைச் சொறிந்துகொண்டு.

"எங்க முதலாளி ஒத்துக்க மாட்டேங்கறார் சகலை. அங்க குடுத்தவன் நாளைக்கு இங்கேர்ந்தும் குடுப்பான்னு சொல்றாரு."

"சரியாத்தான் சொல்றாரு" என்றார் அரைச்சொட்டு. "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க." சகலை என்பது எதனாலும் அறுக்க முடியாத உறவு, அதுதான் அதிலுள்ள தொல்லை.

இரும்புச் சாமான் கடை ஒன்றின் பின்பக்கத்தில், வடக்கு பார்த்த ஜன்னல் இருந்த ஓர் அறை காலியாக இருந்தது. ஜன்னலுக்காகவே அதைப் பிடித்தார் அரைச்சொட்டு. ஒரு தராசு, பன்னிரண்டு நிறக் குப்பிகள், காயவைக்க ஒரு கம்பி. ஜனங்கள் சுவரிலிருந்து பெயர்ந்த துண்டு, பழைய கதவுச் சீவல், குழந்தையின் தொப்பி என்று எதையாவது கொண்டுவந்து, "இந்த நிறம் வேணும்" என்பார்கள். கலந்து கொடுப்பார். கூடவே ஓர் அட்டையில் எல்லா அளவையும் எழுதி, அதையும் கையில் கொடுத்துவிடுவார்.

முன்பக்கத்துக் கடைக்காரருக்கு அது தாங்கவில்லை. "ஏங்க, தொழில் ரகசியத்தை இப்படித் தாம்பாளத்துல வச்சுக் குடுக்கறீங்களே. அடுத்த தடவை வேற கடைக்குப் போயிடுவாங்களே."

"போகட்டும்."

போனார்கள். பலர் திரும்பி வந்தார்கள். "அதே அளவுதான் போட்டாங்க. என்னமோ ஒண்ணு குறையுது" என்பார்கள். அரைச்சொட்டு பலகையை ஜன்னலுக்குக் கொண்டுபோவார், ஒரு கண்ணை மூடுவார். என்ன குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வருஷத்தில் வரிசையில் நிற்கிற அளவுக்குக் கூட்டம் வந்தது. மேலாளர் அடுத்த கனவைக் கண்டுவிட்டாராம், பச்சையாம். அது சாயங்காலம் காலை வாருகிறதாம்.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் காலை பூட்டக்கா வந்தார். ஓய்வு பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. கழுத்தில் நாடா இல்லை. கடையைச் சுற்றிப் பார்த்தார். அட்டை நகல்கள் நான்கு காலணிப் பெட்டிகளில் கலைந்து கிடந்தன.

"பூட்டு எங்க?"

"பூட்டு இல்லக்கா."

"இதுல எது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதனாலதான் தினமும் ஒரு மணி நேரம் தேடறேன்."

பூட்டக்கா பெருமூச்சு விட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "என் வீட்டு வாசல் கதவுக்கு நிறம் அடிக்கணும். நாற்பத்தொண்ணு கலந்து குடு."

அரைச்சொட்டு குச்சியைக் கீழே வைத்தார்.

"அது மட்டும் முடியாதுக்கா. அது அவங்களோடது. கடையில டப்பா விக்குது, வாங்கிக்கோங்க. இல்லேன்னா வேற ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"நீ செஞ்சதுதானே அது?"

"நான் செஞ்சதுதான். ஆனா என்னோடது இல்ல."

பூட்டக்கா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து புத்தம்புதிய பதிவேடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் பத்திகளுக்குக் கோடு போட்டே கொண்டுவந்திருந்தார்.

"கேட்டுப் பார்த்தேன்" என்றார். "திங்கக்கிழமையிலேர்ந்து வர்றேன். அஞ்சு மணிக்குமேல இருக்க மாட்டேன். இப்ப அந்தக் கதவுக்கு ஏதாவது பண்ணு."

அரைச்சொட்டு அன்று காலை முழுவதும் வேறு யாருக்கும் கலக்கவில்லை. சாம்பலில் துளி பச்சையை எழுப்பினார், பழுப்பால் அதை அடக்கினார். கடைசிப் பலகையை ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அவருக்குப் பேச்சு வராததன் பொருள் பூட்டக்காவுக்குத் தெரியும்.

அட்டையில் அளவுகளை எழுதினார். பதிவேட்டில் எண் என்ற இடத்தில் ஒன்று. பூட்டக்கா பதிவேட்டில் இன்னொரு பத்தியைக் காட்டினார்: செய்தவர். "இங்க கிறுக்காதே. புரியற மாதிரி முழுசா எழுது."

அரைச்சொட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பூட்டக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதுவா உன் பேரு?" என்றார். "இத்தனை வருஷக் கையெழுத்துல அப்படித் தெரியவே இல்லையே."